கூரைக்கு யார் கொடுப்பது காசு?

1896-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு வீடு விலைக்குப் போனது. விலை பத்துப் பவுண்டு. 'பத்து லட்சமா சார்?' என்று கேட்காதீர்கள். வெறும் பத்து. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சைபர்.

ஸஸெக்ஸ் பகுதியில் ஆல்ஃபிரிஸ்டன் என்று ஒரு கிராமம். அங்கே சர்ச்சுக்குப் பக்கத்தில், பாதிரியார் தங்குவதற்கென்று இருந்த 14-ஆம் நூற்றாண்டு வீடு அது. மரச் சட்டம், மண் பூச்சு, மேலே வேய்ந்த கூரை. தரையைப் பற்றிச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். சுண்ணாம்புப் பாறையை இடித்துக் கெட்டித்து, மேலே புளித்த பாலை ஊற்றி மெழுகியிருக்கிறார்கள். நம்ம பாட்டிகளுக்குச் சாணி மாதிரி, அந்த ஊர்ப் பாட்டிகளுக்குப் புளித்த பால்.

இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றுகொண்டிருந்த அந்த வீட்டை வாங்கியது ஒரு சங்கம். அதற்கே அப்போது ஒரு வயசுதான். பெயர் நேஷனல் டிரஸ்ட். 1895-இல் ஆரம்பித்தவர்கள் மூன்று பேர்: ஆக்டேவியா ஹில் என்ற அம்மாள், ராபர்ட் ஹன்டர் என்ற வக்கீல், ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற பாதிரியார். பத்துப் பவுண்டைக் கொடுத்து வீட்டை வாங்கியாச்சு. அப்புறம்தான் வேடிக்கை. ரிப்பேருக்காக அதைப் போலப் பல மடங்கு பணத்துக்கு உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது!

நான் பி.காம். கட்டிடம் என்றால் அஸெட், பாலன்ஸ் ஷீட்டில் வலது பக்கம் எழுது என்று எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அத்தை மகன் புண்ணியத்தில் பன்னிரண்டு நாள் இங்கிலாந்தில் சுற்றிவிட்டு வந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். அந்த நாட்டின் பழைய மாளிகைகளையும் சர்ச்சுகளையும் வலது பக்கம் எழுதினால் பேனா கூசும். அத்தனையும் லயபிலிட்டி. மற்றவர்கள் அங்கே போனால் ஓவியம் பார்ப்பார்கள், சரவிளக்கு பார்ப்பார்கள். நான் கூரையைப் பார்த்தேன். 'இதுக்கு யாருய்யா காசு கொடுக்கறான்?' என்ற கேள்வி கடைசி நாள்வரை என்னை விடவில்லை.

கேட்டுப் பார்த்தால், ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு ஆள் மாட்டியிருக்கிறான்.

*

முதலில் மாட்டிய ஆளைத் தேடி நாம் மெட்ராஸ் கோட்டைக்கே வர வேண்டியிருக்கிறது.

தாமஸ் பிட் என்று ஒருவர். ஈஸ்ட் இண்டியா கம்பெனிதான் இந்தியாவோடு வியாபாரம் பண்ணலாம் என்று சட்டம் இருந்த காலத்தில், கம்பெனிக்குத் தெரியாமல் தனியாகக் கப்பல் விட்டுக் காசு பார்த்தவர். கம்பெனி அவர் மேல் வழக்குப் போட்டது, அபராதம் போட்டது. மனுஷன் அசரவில்லை. கடைசியில் கம்பெனிக்கு ஒரு ஞானோதயம். இவ்வளவு கெட்டிக்காரனை வெளியே விட்டு வைப்பானேன்? 1698-இல் அவரையே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு கவர்னராக்கி அனுப்பிவிட்டார்கள். 1709 வரை அவர்தான் மெட்ராஸுக்கு ராஜா.

கவர்னர் வேலைக்கு நடுவில் சொந்த பிசினஸையும் அவர் விடவில்லை. கோல்கொண்டா பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்த 410 காரட் வைரம் ஒன்றை ஜாம்சந்த் என்ற வியாபாரி கொண்டுவந்து காட்டினார். பேரம் மாசக்கணக்கில் நடந்தது. முடிவில் விலை 48,000 வராகன். இங்கிலாந்துக் கணக்கில் இருபதாயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. மகன் கையில் கல்லைக் கொடுத்து லண்டனுக்கு அனுப்பிவிட்டு, பட்டை தீட்டிய பிறகும் வாங்க ஆளில்லாமல் பிட் தவித்தது தனிக் கதை. ஐரோப்பாவில் பெரிய பெரிய ராஜாக்களே விலையைக் கேட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். 1717-இல்தான் பிரான்ஸ் நாட்டை மைனர் ராஜாவுக்காக ஆண்டுகொண்டிருந்த ஆர்லியன்ஸ் பிரபு 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். அந்தக் கல் இன்றைக்கு பாரிஸில் லூவ்ர் மியூஸியத்தில் இருக்கிறது.

அதே 1717-இல் பிட் வாங்கிய சொத்துதான் கார்ன்வால் பகுதியில் இருக்கும் பொகோனாக் மாளிகை. கூடவே ஏக்கர் ஏக்கராக நிலம். பேரனும் கொள்ளுப்பேரனும் இங்கிலாந்தின் பிரதம மந்திரிகள் ஆனார்கள். மெட்ராஸ் பேரத்தில் வந்த லாபம் அந்தக் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள்!

ஸாலிஸ்பரிக்குப் பக்கத்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஸப் காஸில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே சர்ச் கோபுரத்தில் அவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மெட்ராஸிலிருந்து ஊர் திரும்பின கையோடு, 1711-இல், அந்தக் கோபுரத்தை எடுத்துக் கட்டிக் கொடுத்த புண்ணியவான் அவர். நம்ம ஊரில் ட்யூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதுவோமே, அதே பழக்கம்தான்.

வைரம் விற்ற காசு முந்நூறு வருஷம் வருமா? வராது. 20-ஆம் நூற்றாண்டில் பொகோனாக் மாளிகை வருஷக்கணக்கில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. ஒரு பக்கத்துக் கட்டிடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. இப்போதைய குடும்பம் பொறுமையாகப் பழுது பார்த்து எடுத்து, 2012-இல் அதற்காக ஒரு விருதும் வாங்கினார்கள். இன்றைக்கு அங்கே யார் வேண்டுமானாலும் வாடகை கட்டிக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். ஆமாம் சார், வைர மாளிகை கல்யாண மண்டபமாகிவிட்டது.

இந்த மாதிரி கதைகளை நேஷனல் டிரஸ்டே 2020-இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. தங்கள் பராமரிப்பில் இருக்கும் இடங்களில் 93-க்கு அடிமை வியாபாரத்தோடோ, இந்தியா போன்ற காலனிகளோடோ தொடர்பு உண்டு என்று பட்டியலே போட்டார்கள். உடனே ஒரு கூட்டம், 'டீ குடிக்க வந்த இடத்தில் எதுக்குய்யா பழைய கணக்கு?' என்று சண்டைக்கு வந்தது. என்னைக் கேட்டால், வரவு எங்கிருந்து வந்தது என்று எழுதாத லெட்ஜரை எந்த ஆடிட்டர் பாஸ் பண்ணுவார்?

*

இரண்டாவதாக மாட்டியவர்கள் அமெரிக்க மாமனார்கள்.

1870-களிலிருந்து அமெரிக்காவின் மலிவுக் கோதுமை கப்பல் கப்பலாக இங்கிலாந்தில் வந்து இறங்கியது. உள்ளூர் தானியம் விலை போகவில்லை. குத்தகை வருமானத்தை நம்பி நூறு அறை மாளிகை வைத்திருந்த பிரபுக்களுக்கு வயிற்றில் ஈரத்துணி. அமெரிக்காவில் பணக்காரர்களிடம் பணம் இருந்தது, பட்டம் இல்லை. இங்கே பட்டம் இருந்தது, கூரை ஒழுகியது. மீதியை நான் சொல்ல வேண்டுமா?

பிளென்ஹைம் அரண்மனை கேள்விப்பட்டிருப்பீர்கள். சர்ச்சில் பிறந்த இடம். 1895-இல் அந்த வீட்டு 9-வது மார்ல்பரோ பிரபு, நியூயார்க்கில் கான்ஸ்யூலோ வாண்டர்பில்ட் என்ற 18 வயசுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணுக்கு மனசு வேறொருவரிடம். அம்மா விடவில்லை. வரதட்சணை எவ்வளவு தெரியுமா? 25 லட்சம் டாலருக்கு ரயில்வே கம்பெனி ஷேர். நாலு சதவீத வருமானத்துக்கு காரண்டியோடு! ஸ்கூட்டரும் பீரோவும் கேட்கிற நம்ம ஊர் மாப்பிள்ளைகள் இவரிடம் டியூஷன் போகலாம். அரண்மனை பிழைத்தது. கல்யாணம் பிழைக்கவில்லை. 1921-இல் விவாகரத்து.

*

மூன்றாவது கட்டத்தில் கதை தலைகீழாகத் திரும்பியது. பணம் கொடுக்கப் புது ஆள் கிடைக்கவில்லை. பணம் கேட்டுப் புது ஆள் வந்தார். இன்கம்டாக்ஸ் இலாகா.

1894-இல் மரண வரி வந்தது. அப்பா செத்தால் மகன் சொத்தில் ஒரு பங்கை அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். ஆரம்பத்தில் அதிகபட்சம் 8 சதவீதம்தான். போகப் போக ஏறி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய சொத்துகளுக்கு 80 சதவீதம் வரை போய்விட்டது.

டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் என்று ஒரு மாளிகை. அதன் கூரை மட்டும் 1.3 ஏக்கர் என்று சொல்வார்கள். (தாம்பரம் பக்கம் அரை கிரவுண்டுக்கு லோன் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடவும்.) அதன் சொந்தக்காரர் 10-வது டெவன்ஷயர் பிரபு, முன்யோசனையாக 1946-இலேயே சொத்தை மகன் பக்கம் மாற்றிவிட்டார். எழுதிக் கொடுத்தவர் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தால் வரி கிடையாது. அதுதான் சட்டம். 1950 நவம்பரில், ஐந்து வருஷம் முடியச் சில மாதங்களே இருக்கும்போது, மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வயசு 55. (அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் 1957-இல் வேறொரு நோயாளியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, பிறகு விடுதலையானவர் என்பது உபரித் தகவல். கற்பனையை ஓட்டாதீர்கள்.)

வரி 80 சதவீதம். மகன் நிலங்களை விற்றார், அபூர்வமான ஓவியங்களையும் புத்தகங்களையும் கொடுத்தார். ஹார்ட்விக் ஹால் என்ற 1590-களின் மாளிகையை அப்படியே வரிக்குப் பதிலாக அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அது 1959-இல் நேஷனல் டிரஸ்டுக்கு வந்து சேர்ந்தது. மொத்தக் கடனும் அடைய 1960-களின் பின்பாதி ஆகிவிட்டது.

ஒப்படைக்க இன்னொரு மாளிகை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? இடித்தார்கள். கதவு, கணப்பு, மரப் படிக்கட்டு என்று பிரித்து ஏலம் விட்டார்கள். 1955 வாக்கில் ஐந்து நாளைக்கு ஒரு மாளிகை என்ற கணக்கில் இங்கிலாந்தில் இடிபட்டதாகச் சொல்வார்கள். 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியத்தில் இதைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். இடிந்து விழுகிற தூண்கள் மாதிரி செட் போட்டு, அதில் காணாமல் போன வீடுகளின் போட்டோ. நூறு வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேலே! பார்த்தவர்கள் ஆடிப்போய்விட்டார்களாம்.

இதற்கு நடுவில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். லாங்லீட் மாளிகையின் பாத் பிரபு. 1949-இல் வீட்டு வாசலில் டிக்கெட் கவுண்டர் வைத்துவிட்டார். ஆளுக்கு அரை கிரவுன். பிரபு வீட்டுச் சாப்பாட்டு அறையை எட்டிப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1966-இல் இன்னும் ஒரு படி மேலே போய், தோட்டத்தில் சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார். ஆப்பிரிக்காவுக்கு வெளியே, காரில் உட்கார்ந்தபடியே சிங்கம் பார்க்கும் முதல் பூங்கா அது. வரி கட்டுவதற்குச் சிங்கத்தை வேலைக்கு வைத்த ஒரே பரம்பரை அதுவாகத்தான் இருக்கும்.

*

நேஷனல் டிரஸ்டுக்கு 1937-இல் ஒரு சட்டம் வந்து கைகொடுத்தது. வீட்டை டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்தால் வரி கிடையாது. குடும்பம் ஒரு பக்கம் குடியிருந்துகொள்ளலாம். மற்ற பக்கம் ஜனங்கள் வந்து பார்ப்பார்கள். ஒரே ஒரு கண்டிஷன். வீட்டை மட்டும் கொடுத்தால் போதாது, அதைப் பராமரிக்க மூலதனமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெண்ணைக் கொடுக்கும்போது சீரும் கொடு என்பது போல.

டெர்பிஷயரிலேயே கால்க் ஆபி என்று இன்னொரு மாளிகை. அங்கே ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக எதையும் தூக்கி எறியாமல் வாழ்ந்திருக்கிறது. ஓர் அறை நிறைந்தால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். 1981-இல் சொந்தக்காரர் இறந்தபோது வரி மட்டும் சுமார் 80 லட்சம் பவுண்டு. 1984-இல் நிதியமைச்சர் பட்ஜெட்டிலேயே இந்த வீட்டுக்கென்று பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. டிரஸ்ட் ஆட்கள் உள்ளே போய்ப் பார்த்தால், பெட்டிக்குள் ஒரு ராஜ கட்டில். 18-ஆம் நூற்றாண்டுச் சீனப் பட்டுத் திரைகளோடு! யாரும் அதை மாட்டவே இல்லை. வெயிலே படாததால் நிறம் அப்படியே புதுசு போல. அந்த வீட்டை டிரஸ்ட் பளபளப்பாக்கவில்லை. உரிந்த பெயிண்டும் கிழிந்த சுவர்க் காகிதமும் அப்படியே இருக்கும்படி பழுது பார்த்தார்கள். எனக்குப் பிடித்த முடிவு அது.

இப்போது டிரஸ்டுக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேலே மெம்பர்கள், இருநூறுக்கும் மேலே பழைய மாளிகைகள். உள்ளே போனால் ஒவ்வோர் அறையிலும் ஒரு ரிட்டயர்ட் தாத்தாவோ பாட்டியோ நிற்கிறார்கள். சம்பளம் கிடையாது. 'இந்த நாற்காலியில் உட்காரலாமா பாட்டி?' என்று கேட்டால், அது எந்த வருஷம், எந்த ராஜா காலம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். முடிக்கும்போது நமக்குக் கால் வலி போயிருக்கும், காது வலி வந்திருக்கும். வெளியே வந்தால் டீக்கடை, கேக், ஜாம், சாவிக்கொத்து, செடி விற்பனை. பழைய குதிரை லாயம் எல்லாம் இப்போது ரெஸ்டாரன்ட்தான். டிக்கெட் விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். "பெருக்கினா வாசல்லேயே நின்னுடுவே மாப்ளே" என்று அத்தான் முன்னாடியே எச்சரித்திருந்தார். டிக்கெட், கேக், தாத்தா, பாட்டி. மாளிகைக் கூரையை இன்று தாங்குகிற நாலு தூண்கள்.

*

மாளிகையாவது டிக்கெட் விற்கலாம். சர்ச் என்ன செய்யும்? சாமி கும்பிட வருகிறவனிடம் டிக்கெட் கேட்க முடியுமா?

சர்ச் ஆஃப் இங்கிலாந்துக்குச் சுமார் 16,000 கட்டிடங்கள். அதில் 12,000-க்கும் மேலே 'லிஸ்டட்'. அதாவது சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. நினைத்தபடி இடிக்கவோ மாற்றவோ முடியாது. நாட்டிலேயே உயர்ந்த முதல் கிரேடு கட்டிடங்களில் 45 சதவீதம் இந்தச் சர்ச்சுகள்தான். ராஜாவே தலைவர், அரசாங்க மதம், அதனால் அரசாங்கமே செலவு பண்ணும் என்று நாம் நினைப்போம். அந்த ஊர்க்காரர்களே நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிடையாது. பக்கத்து பிரான்ஸில் 1905-க்கு முந்தைய சர்ச்சுகள் அரசுக்கும் ஊராட்சிகளுக்கும் சொந்தம். இங்கிலாந்தில் அந்தந்த ஊர்ச் சர்ச் கமிட்டி தலையில்தான் விடிகிறது. எப்போதாவது லாட்டரி நிதியிலிருந்தோ வேறு எதிலிருந்தோ உதவி கிடைத்தால் உண்டு.

ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒரு சர்ச்சுக்குப் போனோம். கதவு திறந்தே இருந்தது. உள்ளே யாரும் இல்லை. பழைய மரம், மெழுகுவத்தி, ஈரம் எல்லாம் கலந்த ஒரு வாசனை. தரையில் கல்லறைக் கற்கள். அதன் மேலேதான் நடக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை, ஓரமாகவே நடந்தேன். ஒரு தூணுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. டொக்... டொக்... என்று சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

பின்பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபத்தைந்து வயசிருக்கும். அந்தச் சர்ச்சின் பொருளாளர். முன்பு பாங்க் மானேஜராக இருந்தவராம். நான் காமர்ஸ் படித்தவன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த முக்கால் மணி நேரம் நாங்கள் ஆண்டவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்குதான்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் ஆர்க்கிடெக்ட் வந்து கட்டிடத்தை மேலும் கீழும் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். 1955-இலிருந்து சட்டம். "ரிப்போர்ட் வர அன்னிக்கு எங்க வீட்ல நான் சரியாச் சாப்பிட மாட்டேன்" என்றார் பெரியவர். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். கிறிஸ்துமஸுக்கும் கல்யாணம், சாவுக்கும் ஊரே வரும்.

கூரையில் ஈயத் தகடு. ஈயத்துக்கு மார்க்கெட்டில் நல்ல விலை. ராத்திரியோடு ராத்திரியாகத் திருடர்கள் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். காலையில் மழை பெய்தால்தான் களவு போனதே தெரியும். தாங்க முடியாமல் 2013-இல் காயலான் கடைகளுக்கென்றே சட்டம் போட்டார்கள். கடைக்கு லைசென்ஸ் வேண்டும், ரொக்கமாகக் காசு கொடுக்கக் கூடாது.

அப்புறம் வௌவால். 1981 சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட ஜீவன். விரட்டக் கூடாது, அது தங்கும் இடத்தை அடைக்கவும் கூடாது. பித்தளைத் தகடு, பழைய மரம், பைபிள் என்று எல்லாவற்றின் மேலும் அது அபிஷேகம் செய்கிறது. வாடகை தராத குடித்தனக்காரர், காலி பண்ணச் சொல்லவும் முடியாது. வீட்டுக்காரராக இருக்கும் வாசகர்களுக்கு இந்த வேதனை புரியும்.

வாட் வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்த கூத்து. இங்கிலாந்தில் புதுசாக வீடு கட்டினால் வாட் பூஜ்யம். பழைய கட்டிடத்தை ரிப்பேர் பண்ணினால் 20 சதவீதம்! 'இடிச்சுட்டுக் கட்டுய்யா' என்று சட்டமே கண்ணடிக்கிற மாதிரி இல்லை? லிஸ்டட் வழிபாட்டு இடங்களுக்கு மட்டும் அந்த வரியைத் திருப்பித் தர 2001-இல் ஒரு திட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் அதற்கும் ஒரு கட்டிடத்துக்கு வருஷம் 25,000 பவுண்டு என்று மூடி போட்டார்கள். பெரிய கூரை வேலை வைத்திருந்தவர்கள் தலையில் கை.

கும்பிட ஆளே இல்லாமல் போன சர்ச்சுகளைப் பார்த்துக்கொள்ள 1969-இலிருந்து ஒரு டிரஸ்ட் இருக்கிறது. அவர்களிடம் 350-க்கும் மேலே. சிலவற்றில் ராத்திரி தங்க வாடகைக்கு விடுகிறார்கள். கல்லறைகளுக்கு நடுவில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். "ட்ரை பண்றியா?" என்றார் அத்தான். எனக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது.

*

கடைசியாக ஒன்று. இதைக் கேட்ட பிறகு, வீடு வாங்கும்போது வில்லங்க சர்டிபிகேட் பார்க்காமல் விடவே மாட்டீர்கள்.

அந்தக் காலத்தில் சர்ச்சில் ஜனங்கள் உட்காரும் பகுதியை ஜனங்கள் ரிப்பேர் செய்ய வேண்டும். பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதிக்கு சான்ஸல் என்று பெயர். அதை, ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வாங்கும் ரெக்டர் ரிப்பேர் செய்ய வேண்டும். அந்த ரெக்டர் பதவி நிறைய இடங்களில் மடங்கள் கையில் இருந்தது. 1530-களில் எட்டாம் ஹென்றி மடங்களை மூடி, சொத்துகளைக் கண்டவர்களுக்கும் விற்றார். நிலம் கை மாறியது. கூடவே சான்ஸல் ரிப்பேர் கடமையும் கை மாறியது. நிலத்தோடு ஒட்டிய கடன். நானூற்றைம்பது வருஷமானாலும் போகாது!

வார்விக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற கிராமம். ஷேக்ஸ்பியரின் அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் நடந்த சர்ச் அதுதான் என்பது ஊர்க் கதை. அந்த ஊரில் ஒரு தம்பதிக்குப் பெற்றோர் வழியில் ஒரு பண்ணை வந்து சேர்ந்தது. 1990-களில் சர்ச் கமிட்டியிடமிருந்து நோட்டீஸ். உங்கள் பண்ணை நிலத்தில் சான்ஸல் கடமை இருக்கிறது. ரிப்பேர் எஸ்டிமேட் 95,260 பவுண்டு 84 பென்ஸ். தயவுசெய்து கட்டவும். (அந்த 84 பென்ஸைக் கவனித்தீர்களா? கணக்கப்பிள்ளை என்றால் அவர்.)

தம்பதி கோர்ட்டுக்குப் போனார்கள். கீழே தோல்வி. 2001-இல் அப்பீல் கோர்ட்டில், மனித உரிமைச் சட்டப்படி ஜெயம். 2003-இல் பிரபுக்கள் சபை அதைத் திருப்பிப் போட்டது: இது வரி இல்லை, சொத்தோடு வந்த சுமை, கட்டத்தான் வேண்டும். 2007-இல் தொகை முடிவானபோது சுமார் 1,87,000 பவுண்டு, பிளஸ் வாட்! கோர்ட் செலவு தனி. கடைசியில் அந்தப் பண்ணையையே விற்க வேண்டியதாயிற்று.

நாடு முழுக்க வீட்டுக்காரர்கள் மிரண்டுபோனார்கள். அரசாங்கம் ஒரு கெடு வைத்தது. 2013 அக்டோபர் 13-க்குள் இந்தக் கடமையை நிலப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். செய்யாவிட்டால், பிறகு நிலத்தை விலைக்கு வாங்குகிறவரைக் கேட்க முடியாது. இப்போது சிக்கல் சர்ச் கமிட்டிக்கு. பதிவு செய்தால் பக்கத்து வீட்டுக்காரனின் வீடு விலை போகாது, ஊரே பகையாகும். செய்யாமல் விட்டால், தர்ம ஸ்தாபனத்துக்கு வர வேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்தாய் என்று கமிட்டி மெம்பர்கள் மேலேயே கேள்வி வரும். சில ஊர்களில் பதிவு செய்து, ஊர் கொதித்ததும் வாபஸ் வாங்கினார்கள்.

வாளிச் சொட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பெரியவரிடம் இதைத்தான் கேட்டேன். "உங்க ஊர்ல அப்படி நிலம் ஏதாவது இருந்ததா சார்?"

"இருந்துது. நாலு வீடு."

"ரெஜிஸ்டர் பண்ணீங்களா?"

பெரியவர் கொஞ்ச நேரம் மேலே ஈரம் படர்ந்த மரச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு ராத்திரி மீட்டிங் போட்டோம். வக்கீல் லெட்டர் எல்லாம் வாங்கினோம். அந்த நாலு வீட்டில ஒண்ணு, தினம் வந்து இந்தப் பூ வைக்கிற அம்மாவோட வீடு. புருஷன் போயாச்சு. அந்த வீடு மட்டும்தான் இருக்கு. பணமா வராதுன்னு வக்கீல் கிட்ட எழுதி வாங்கி, ஃபைல்ல போட்டுட்டு, பண்ணலை."

"அப்போ இந்தக் கூரைக்கு?"

"ஜூன் மாசம் கேக் விற்பனை வெச்சிருக்கோம். செப்டம்பர்ல பழைய புஸ்தகம்" என்றார். வாசல் பக்கம் காசு போடும் பழைய இரும்புப் பெட்டி. அதன் மேல் கார்டைக் காட்டினால் பணம் எடுத்துக்கொள்ளும் புது மெஷின். அத்தான் கார்டை எடுத்து வைத்தார், அது 'பீப்' என்றது. பெரியவர் தாங்க்ஸ் சொல்லிவிட்டு, நிறைந்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே கொட்டப் போனார்.